சென்னை ஃபிளாட்டுக்கு மரத்தரை: தேக்கா, இன்ஜினியர்டா, லேமினேட்டா?

மரத்தரை போடலாம்னு பேச்சு வந்தாலே எந்த மரம், என்ன கலர்னு தான் எல்லாரும் ஆரம்பிக்கறாங்க. எனக்கு அதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் தெரியணும். அடியில இருக்கற கான்கிரீட் காஞ்சிருக்கா, தினமும் தரைய துடைக்கப் போறது யாரு, எப்படி துடைப்பாங்க. சென்னைல மரத்தரை கெட்டுப்போறதெல்லாம் பெரும்பாலும் இந்த ரெண்டுல ஒண்ணால தான், மரம் மட்டம்ங்கறதால இல்ல.

முதல்ல கெட்டித் தேக்கு. 18, 19 மில்லி கனத்துல பட்டையா அறுத்து போடறது. வைரம் பாஞ்ச தேக்க, அதாவது மரத்தோட உள்கட்டைய, கரையான் சுலபத்துல தொடாது, நாலஞ்சு தடவ இழைச்சு புதுசா பாலிஷ் போட்டு பேரன் காலம் வரைக்கும் ஓட்டலாம். ஆனா பலகை ஓரத்துல வெளுப்பா ஒரு பட்டை ஓடும் பாருங்க, அந்த வெள்ளைக்கு இந்த பலம் எதுவும் கிடையாது, அதனால ஒவ்வொரு பலகையையும் ரெண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து வெள்ளை இல்லாததா எடுங்க. பழைய வீடு இடிச்ச பர்மா தேக்கு காரைக்குடி பக்கம் கிடைக்குது, நல்லா காஞ்ச கட்டை, ஆணி புடுங்கி சுத்தம் பண்ற வேலை கூடுதல், ஆனா கிடைச்சா விடாதீங்க. பிரச்சனை என்னன்னா கெட்டி மரம் அகலவாக்குல விரிஞ்சு சுருங்கும். ஐப்பசி மழைல காத்துல ஈரம் 80 சதவீதத்த தாண்டும், அதே ரூம்ல ராத்திரி பூரா ஏசி ஓடினா 50 பக்கம் இறங்கிடும், பலகை அதுக்கேத்த மாதிரி அசைஞ்சுக்கிட்டே இருக்கும். மத்த மரத்த விட தேக்கு கம்மியா தான் அசையும், இருந்தாலும் 6 இஞ்ச் அகலப் பலகை கேக்காதீங்க, 3 இஞ்சோட நிறுத்திக்கிட்டா இடைவெளி பெருசா தெரியாது.

இன்ஜினியர்டு இந்த அசைவுக்குன்னே வந்தது. மேல நிஜ மரம், அடியில பிளைவுட் அடுக்கு ஒண்ணுக்கொண்ணு குறுக்கா ஒட்டியிருக்கும், அதனால அகலப் பலகை கூட பெருசா அசையாது. இதுல தரம் எக்கச்சக்கமா மாறுது, கடைல சாம்பிள் துண்ட வாங்கி மேல்பக்கத்த பாக்காம வெட்டின ஓரத்த பாருங்க. மேல் மரம் 3, 4 மில்லி இருந்தா பின்னாடி ரெண்டு தடவையாவது இழைக்கலாம். நகத்து கனம் கூட இல்லாம ஒரு கோடு மாதிரி இருந்தா ஒரு தடவ கூட இழைக்க முடியாது, அதுக்கு தேக்கு விலை கேட்டா கொடுக்காதீங்க.

லேமினேட்ல மேல தெரியறது மரமே இல்ல, அழுத்தின மரத்தூள் போர்டு மேல மர டிசைன் அச்சடிச்ச காகிதம், அதுக்கு மேல கெட்டியான கோட்டிங். கீறல் தாங்கறதுல நிஜ மரத்த விட இதுதான் பலசாலி, விலையும் கம்மி, வாடகை வீட்டுல கழட்டி எடுத்துட்டுப் போகலாம். தண்ணி தான் இதுக்கு எமன். ஜாயின்ட்ல ஒரு தடவ நல்லா ஊறினா ஓரம் உப்பிடும், காஞ்சாலும் பழையபடி ஆகாது, இழைக்கவும் வழி இல்ல.

என்ன கேட்டா பெட்ரூமுக்கு 4 மில்லி மேல் மரம் உள்ள இன்ஜினியர்டு. தேக்கு ஆசை இருந்தா தேக்கே மேல வர்ற மாதிரி வாங்கலாம். கிச்சன், வாசல், பால்கனிய ஒட்டின இடம் மூணுலயும் டைல்ஸே இருக்கட்டும்.

இப்ப அடித்தளம். 28 நாள் ஆச்சு, போடலாம்னு கான்ட்ராக்டர் சொல்லுவார். அது கான்கிரீட் பலத்துக்கான கணக்கு, காயறதுக்கான கணக்கு இல்ல, காய மாசக்கணக்குல ஆகும். 2 அடிக்கு 2 அடி பாலிதீன் ஷீட்ட தரைல வெச்சு நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுட்டு எடுங்க. உள்பக்கம் நீர் கோத்திருந்தாலோ தரை கருத்திருந்தாலோ இன்னும் பொறுக்கணும். ஒண்ணும் தெரியலன்னா முழுசா காஞ்சுடுச்சுன்னு அர்த்தம் இல்ல, ஈரம் அளக்கற மீட்டர் வெச்சும் பாக்கச் சொல்லுங்க. தரைத்தளத்துல மண்ணுல இருந்தே ஈரம் ஏறும், அங்க கெட்டி மரம் வேண்டவே வேண்டாம். பலகை பெட்டிகள அதே ரூம்ல, ஏசி வழக்கம்போல ஓட, சில நாள் பழக விடுங்க. சுவர் ஓரம் 10, 12 மில்லி இடைவெளி விட்டாங்களான்னு ஸ்கர்ட்டிங் (சுவர் அடியில ஓடற பட்டை) அடிக்கறதுக்கு முன்னாடி நீங்களே நின்னு பாருங்க, ஏன்னா அடிச்ச பிறகு தெரியாது.

பினிஷ்ல, அதாவது மரத்து மேல அடிக்கற பூச்சுல, பாலியூரித்தேனா, ஹார்ட்வேக்ஸ் ஆயிலாங்கறது தான் பராமரிப்ப முடிவு பண்ணுது. பாலியூரித்தேன் மேல படலமா நிக்கும், தண்ணி சிந்தினா துடைக்க நேரம் கிடைக்கும், வருஷக்கணக்குல கவனிக்க வேண்டாம். ஆனா ஒரு இடத்துல ஆழமா கீறினா அந்த இடத்த மட்டும் ஒட்டுப்போட்டா திட்டா தெரியும். ஆயில் மரத்துக்குள்ள இறங்கும், கீறின இடத்த லேசா உப்புத்தாள் போட்டு தேச்சு ஆயில் தடவினா சேர்ந்துக்கும், ஆனா அப்பப்ப மறுபடி தடவணும். சின்னப் பசங்க இருக்கற வீட்டுக்கு, கூட மாட வேலைக்கு ஆள் வர்ற வீட்டுக்கு, பாலியூரித்தேன் தான் என் ஓட்டு. தேக்குல எண்ணெய்ப்பசை ஜாஸ்தி, பினிஷ் அடிக்கறதுக்கு முன்னாடி அசிட்டோன்ல துடைக்கலன்னா ஒட்டாம உரியலாம்.

துடைக்கறதுக்கு வர்ற அக்காகிட்ட முதல் நாளே பொறுமையா சொல்லிடுங்க, பக்கெட் தண்ணி, ஃபினாயில், ஸ்டீம் மாப் எதுவும் கிடையாது, ஒட்டப் பிழிஞ்ச மைக்ரோஃபைபர் துணி மட்டும். அதுக்கு முன்னாடி மணல் பெருக்கணும், செருப்புல வர்ற மணல் தான் உப்புத்தாள் வேலைய பண்ணுது. நாற்காலி காலுக்கு ஃபெல்ட் ஒட்டுங்க. பினிஷ் போச்சான்னு பாக்க ஒரு சொட்டு தண்ணி விடுங்க, முத்தா நின்னா நல்லா இருக்கு, உறிஞ்சி கருத்தா மறு கோட்டுக்கு நேரம் வந்தாச்சு.

ஏசி தண்ணி ஒழுகி பலகை ஓரம் தூக்கிடுச்சுன்னா உடனே இழைக்க விடாதீங்க. ஈரத்தோட இழைச்சா தூக்கின ஓரம் தேஞ்சு போயிடும், அப்புறம் காஞ்சதும் நடு மேடாகிடும். ஒழுகறத நிறுத்தி, வாரக்கணக்குல காய விட்டா ஓரளவு தானே படியலாம், மிச்சத்த மட்டும் இழைச்சுக்கலாம்.