கார்டில் வவுச்சர் வாங்கி பொயின்ட்ஸ் சேர்ப்பது: கொழும்பில் எடுபடுமா?

கிரெடிட் கார்டில் கிஃப்ட் கார்ட் வாங்கு, அதைத் திரும்பக் காசாக்கு, அந்தக் காசிலேயே கார்ட் பில்லைக் கட்டு, கார்டில் செலவழித்ததற்காக வங்கி வெகுமதியாகத் தருகிற பொயின்ட்ஸை நீ வைத்துக்கொள். வெளிநாட்டில் சொந்தக்காரர் உள்ள குடும்பம் என்றால் யாராவது ஒருவர் இந்த வித்தையைப் பற்றிச் சொல்லியிருப்பார். எனக்குச் சொன்னது நியூ ஜேர்சியில் இருக்கும் சித்தப்பாவின் மகன். "அண்ணா, கொழும்பில எல்லாக் கடையிலயும் வவுச்சர் விக்கிறாங்கள்தானே, நீங்கள் ஏன் செய்யேல்ல?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். அதனால் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கிடைக்கும் சுப்பர்மார்க்கெட், உடுப்புக்கடை வவுச்சர்களை பொயின்ட்ஸ் கணக்கில் மட்டும் வைத்து ஒரு விமர்சனம் எழுதுகிறேன். ஐந்துக்கு ஒன்றரை நட்சத்திரம். அந்த ஒன்றரையும் எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

அங்கே எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால்தான் இங்கே ஏன் நொண்டுகிறது என்று விளங்கும். அமெரிக்காவில் சாதாரண மளிகைக் கடையிலேயே 500 டொலர் விசா கிஃப்ட் கார்ட் தட்டியில் தொங்கும், அதற்கு ஆறிலிருந்து எட்டு டொலர் வரை மேலதிகக் கட்டணம். மளிகைச் செலவுக்கு 5 வீதம் திருப்பித் தருகிற கிரெடிட் கார்ட் ஒன்று கையில் இருந்தால் அந்த ஒரு வாங்கலுக்கு 25 டொலர் வரவு, கட்டணத்தைக் கழித்தால் 17 முதல் 19 டொலர் வரை மிச்சம். முக்கியமான விஷயம் இனித்தான் வருகிறது. அந்தக் கிஃப்ட் கார்ட் எந்தக் கடைக்கும் சொந்தமானது இல்லை, பின் நம்பர் போட்டு டெபிட் கார்ட் மாதிரிப் பாவிக்கலாம், அதைக் கொண்டுபோய் மணி ஓடர் வாங்கி, மணி ஓடரை வங்கியில் போட்டால் காசு வீட்டுக்கு வந்துவிட்டது. எல்லாமே இந்த வெளியேறும் வாசலில்தான் இருக்கிறது. வாங்குவது யாருக்கும் முடியும்.

இந்த வாசலைத் தேடி அங்கே ஆட்கள் பட்ட பாடு ஒரு தனிக் கதை. 1999 இல் ஒரு பொறியியலாளர் 3,000 டொலர் சொச்சத்துக்கு புடிங் கோப்பைகளாக வாங்கிக் குவித்து, பக்கெட்டில் இருந்த சலுகையைப் பாவித்து 12 இலட்சத்துக்கு மேல் விமான மைல்கள் எடுத்தார். அப்புறம் அமெரிக்க நாணயச்சாலை, ஒரு டொலர் குற்றி புழக்கத்துக்கு வரட்டும் என்று தபால் செலவு இல்லாமல் வீட்டுக்கே அனுப்பியது. ஆட்கள் கார்டில் வாங்கி, பெட்டியை உடைக்காமலே வங்கிக்குக் கொண்டுபோனார்கள். 2011 இல் கார்டுக்கு விற்பதை நிறுத்தியதோடு அது முடிந்தது. 2015 இல் டார்கெட் கடையின் ப்ரீபெய்ட் கார்டில் கிரெடிட் கார்டால் காசு ஏற்றுவது நின்றது. 2016 ஜனவரியில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், தன்னுடைய ப்ளூபேர்ட், சேர்வ் என்ற ப்ரீபெய்ட் கணக்குகளை இதற்குப் பாவித்த ஆட்களை வெட்டிவிட்டது. வழக்கு வரைக்கும்கூடப் போயிருக்கிறது: ஒரு தம்பதி 2013, 2014 ஆகிய இரண்டு வருடத்தில் 3 இலட்சம் டொலருக்கு மேல் வெகுமதி எடுத்து, வரித் திணைக்களம் பிடித்துக் கேட்டது. 2021 தீர்ப்பில் வரி நீதிமன்றம், கிஃப்ட் கார்ட் வாங்கிக் கிடைத்தது விலைக்கழிவு மாதிரி, அதற்கு வரி இல்லை, நேரடியாக மணி ஓடர் வாங்கியும் ப்ரீபெய்ட் கார்டில் காசு ஏற்றியும் கிடைத்ததற்கு வரி உண்டு என்று பிரித்துச் சொன்னது. எனக்குப் பிடித்த தீர்ப்பு அது. கிஃப்ட் கார்ட் ஒரு பொருள், மணி ஓடர் காசு.

சரி, கொழும்புக்கு வருவோம்.

இங்கே விற்கிற வவுச்சர் அந்தந்தக் கடையின் வவுச்சர். கீல்ஸ் என்றால் கீல்ஸில்தான், கார்கில்ஸ் என்றால் கார்கில்ஸில்தான், ஓடெல் என்றால் ஓடெலில்தான். பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் காசாக மாற்றித் தரப்படமாட்டாது என்று இருக்கும். அதாவது அந்த வாசல் இங்கே கட்டப்படவே இல்லை. கார்டில் வாங்கிய வவுச்சரைக் காசாக்க உள்ள ஒரே வழி இன்னொரு மனிதர் அதை வாங்குவதுதான். கந்தோரில் யாராவது வாங்கலாம், பக்கத்து வீட்டு அக்கா மாதச் சாமான் எடுக்கப் போகும்போது வாங்கலாம், இல்லாவிட்டால் இக்மன் விளம்பரத் தளத்தில் போட்டு விற்கலாம். நல்ல நட்பு என்றால் முழு விலை தருவார்கள். தெரியாத ஆள் 5 வீதமாவது குறைக்கச் சொல்வார், அவரும் வேறு எதற்கு உங்களிடம் வாங்கவேண்டும்? அவருக்கும் கார்ட் இருக்கிறதே.

கணக்கைப் பார்த்தால் இது இன்னும் மோசம். என்னுடைய கார்ட் 100 ரூபாய்க்கு ஒரு பொயின்ட் தரும், அந்தப் பொயின்டைக் கரைக்கும்போது 50 சதம் அளவில் நிற்கும். 50,000 ரூபாய்க்கு வவுச்சர் எடுத்தால் 250 ரூபாய். அதை 5 வீதம் குறைத்து விற்றால் 2,500 ரூபாய் போய்விட்டது. 1 வீதம் காசாகவே திருப்பித் தருகிற கார்ட் என்று வைத்தாலும் 500 ரூபாய்தான் வரும், அப்போதும் 2,000 ரூபாய் நட்டம். 5 வீத மளிகைக் கார்டைக் கையில் வைத்திருக்கும் நியூ ஜேர்சித் தம்பியின் கணக்கை இங்கே கொண்டுவந்து பொருத்த முடியாது.

வவுச்சரை விற்க வேண்டாம், நானே அந்தக் கடையில் சாமான் வாங்குகிறேனே, அப்படியென்றால் முழுப் பெறுமதியும் கிடைக்கும்தானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அங்கேதான் வந்து நின்றேன். கொழும்பில் கார்ட் வைத்திருப்பதன் உண்மையான லாபம் பொயின்டில் இல்லை, நாள் கழிவில் இருக்கிறது. இந்த வங்கிக் கார்டுக்கு வெள்ளிக்கிழமை மரக்கறி, பழத்துக்கு 20 அல்லது 25 வீதம், அந்த வங்கிக்கு சனிக்கிழமை மீன், இறைச்சிக்கு, இன்னொன்றுக்கு மொத்தப் பில்லில் 10 வீதம் என்று மாறி மாறி வந்துகொண்டே இருக்கும், கடை வாசலில் பெரிய பதாகையே கட்டியிருப்பார்கள். இந்தக் கழிவுகளின் நிபந்தனையை ஒருதடவை நிதானமாக வாசித்துப் பாருங்கள். வவுச்சர் வாங்குவதற்குக் கழிவு கிடையாது (சிகரெட், மதுபானம், குழந்தைப் பால்மா வரிசையில் வவுச்சரும் நிற்கும்). கழிவு வேண்டும் என்றால் அந்தக் கார்டிலேயே பில் கட்டவேண்டும். அப்படியென்றால் முன்கூட்டி வாங்கிய வவுச்சரைக் கொடுத்து பில் கட்டுகிற ஆள், அரை வீதப் பொயின்டுக்காக 20 வீதக் கழிவை விட்டுக்கொடுக்கிறார். 8,000 ரூபாய்க்கு மீனும் மரக்கறியும் எடுத்தால் 1,600 ரூபாய், அதற்குப் பதிலாக 40 ரூபாய் பெறுமதியான பொயின்ட். இதை மனைவிக்கு விளங்கப்படுத்தப் போனால் அவர் கேட்கிற முதல் கேள்விக்கே பதில் இருக்காது.

கவுண்டர் அனுபவத்தையும் சொல்லவேண்டும், விமர்சனம் என்று பெயர் வைத்தாயிற்று. கடைகளுக்குப் பெயர் போடவில்லை. ஒரு பெரிய சுப்பர்மார்க்கெட்டில் வவுச்சர் வேண்டும் என்றதும் காசாளர் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டார், அவர் உள்ளே போய்ப் புத்தகம் எடுத்து வந்து ஒவ்வொரு தாளிலும் இலக்கம் எழுதி, முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டார். எனக்குப் பின்னால் நின்ற வரிசை என்னைப் பார்த்த பார்வையை மறக்க ஏலாது. பாதுகாப்புக்காகச் செய்கிறார்கள், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அதே சுப்பர்மார்க்கெட்டின் இன்னொரு கிளையில் அந்தத் தாள்களை நீட்டியபோது ஒரு தாளில் கிளை முத்திரை இல்லை என்று திருப்பித் தந்தார்கள், விற்ற கிளைக்கே போய் முத்திரை வாங்கி வரவேண்டுமாம். தவறு அவர்களுடையது, பெற்றோல் என்னுடையது. உடுப்புக்கடை ஒன்றில் பிளாஸ்டிக் கார்ட் வடிவில் தந்தார்கள், அது சுத்தம், நொடியில் வேலை முடிந்தது, ஆனால் மலிவு விற்பனை நாட்களில் செல்லாது என்று பணம் கட்டிய பிறகுதான் சொன்னார்கள்.

வங்கிப் பக்கமும் கவனம். பொயின்ட் தராத செலவுகள் என்று ஒரு பட்டியல் ஒவ்வொரு கார்டுக்கும் இருக்கிறது, எரிபொருள், அரச கட்டணங்கள், ஃபோன் வோலட்டில் காசு ஏற்றுவது எல்லாம் பெரும்பாலும் அதில் இருக்கும். சுப்பர்மார்க்கெட்டில் சாமானோடு சேர்த்து வாங்கும் வவுச்சர் வங்கிக்குத் தனியாகத் தெரியாது, அது என்ன வகைக் கடை என்று சொல்கிற குறியீடுதான் தெரியும், ஆகவே பொயின்ட் விழும். ஆனால் ஒரே கடையில் வழமைக்கு மாறாகப் பெரிய வட்டத் தொகைகள் வந்தால் யாரோ பார்ப்பார்கள். நண்பர் ஒருவரின் பொயின்ட்ஸை அவருடைய வங்கி ஒரு காரணமும் எழுதாமல் கழித்துவிட்டது, கேட்டதற்கு நிபந்தனைகளைப் பார்க்கவும் என்று ஒரு வரி. மற்றது வட்டி. முழுப் பில்லையும் தவணைக்கு முன் கட்டாத ஆள் இந்தப் பக்கமே வரக்கூடாது. மத்திய வங்கி 2020 இல் கார்ட் வட்டிக்கு 18 வீத உச்சவரம்பு வைத்திருந்தது, 2022 நெருக்கடியில் வரம்பு போய் 36 வீதம் வரை ஏறியது, பிறகு இறங்கியது. வருடத்துக்கு 24 வீதம் என்று வைத்தாலே மாதம் 2 வீதம் ஆகிறது, அரை வீதப் பொயின்ட் அதில் நாலில் ஒரு பங்கு.

செட்டியார் தெருவில் தங்கக் காசு வாங்கி விற்றால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. கார்ட் என்றதும் இரண்டரை, மூன்று வீதம் கூடக் கேட்கிற கடைகள் இருக்கின்றன. அப்படி மேலதிகமாக அறவிடக் கூடாது என்று மத்திய வங்கி அறிவித்திருக்கிறது, அதைச் சொல்லிப் பாருங்கள், அப்படியென்றால் காசாகத் தாருங்கள் தம்பி என்பார்கள். அதற்கு மேல் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலுள்ள வித்தியாசம். அதைவிட, சாமான் எதுவும் வாங்காமல் கார்டை இழுத்துவிட்டு கொமிஷன் கழித்துக் காசு கொடுக்கிற வேலைக்குப் போகவே போகாதீர்கள். பொய்யான விற்பனைப் பதிவு அது, பிடித்தால் கடையின் மெஷினும் போகும், உங்கள் கார்டும் போகும்.

இப்போது அந்த ஒன்றரை நட்சத்திரம். சில கார்டுகளில் வருடத்துக்கு இவ்வளவு செலவழித்தால் வருடாந்தக் கட்டணம் இல்லை என்று ஒரு வரம்பு வைத்திருப்பார்கள், புதுக் கார்ட் என்றால் முதல் மாதங்களில் இவ்வளவு செலவழித்தால் பரிசு என்பார்கள். வரம்புக்குக் கொஞ்சம் குறைகிறது, காலம் முடியப் போகிறது என்றால் வவுச்சர் நல்ல வழி. அடுத்த மாதம் எப்படியும் வாங்கப்போகிற அரிசி, பருப்பு, சவர்க்காரம் எல்லாவற்றுக்கும் இன்றே கட்டுகிறீர்கள், கழிவு நாளில் வாங்குகிற மீனை மட்டும் கார்டுக்கு விட்டுவிடுங்கள். இதற்கு ஒரு நட்சத்திரம்.

அரை நட்சத்திரம் கலியாணங்களுக்கு. ஆவணி, தை மாதத்தில் ஒரே முகூர்த்தத்தில் இரண்டு மண்டபம் ஏறி இறங்குகிற குடும்பம் நம்முடையது. காசைக் கடித உறைக்குள் வைத்தால் பொயின்ட் இல்லை, வவுச்சர் வைத்தால் உண்டு. ஆனால் பெரியவர்கள் இருக்கிற வீடு என்றால் காசையே வையுங்கள், வவுச்சரைப் பார்த்து அப்பப்பா ஒருவர் "இதென்ன, கூப்பன் கடையோ?" என்று கேட்டதை நான் கேட்டிருக்கிறேன்.

வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு ஒரு யோசனை. மாதாமாதம் அம்மாவுக்குச் சாமான் செலவுக்கு அனுப்புகிறவர்கள், கப்ருக மாதிரி இணையக் கடையில் தங்கள் நாட்டுக் கார்டில் சுப்பர்மார்க்கெட் வவுச்சராக வாங்கி அனுப்பலாம், பொயின்ட் அவர்களுக்கு, அரிசி அம்மாவுக்கு. தளத்தின் விலையையும் டொலர் மாற்று வீதத்தையும் வங்கி அனுப்புகைக் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் செய்யவேண்டும். எதிர்ப்பக்கமாக, இங்கிருந்து நம் கார்டில் டொலர் கிஃப்ட் கார்ட் வாங்குவது வீண், முத்திரை வரி ஒருபக்கம், வங்கியின் மாற்று வீதம் இன்னொரு பக்கம், பொயின்ட் எங்கே தெரியப்போகிறது?

வாங்குவதென்று முடிவெடுத்தால் 1,000 ரூபாய்த் தாள்களாகக் கேளுங்கள், 5,000 வேண்டாம். மிச்சக் காசு தரமாட்டார்கள், 4,600 ரூபாய்ப் பில்லுக்கு மீதி 400 ஐ நிரப்ப சொக்கலேட் தட்டுக்குப் போகவேண்டி வரும். திகதியையும் பாருங்கள், சாதாரணமாக ஒரு வருடம்தான், பழைய புத்தகத்திலிருந்து கிழித்துத் தந்தால் அதிலும் குறையும். கவுண்டரை விட்டு நகர முதல் முத்திரை இருக்கிறதா என்று ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பாருங்கள், பின்னால் வரிசை முறைத்தாலும் பரவாயில்லை.