வாங்கியது விளையாட, ஓடுவது பாட்டுக்கு: முதல் பிளேஸ்டேஷனோடு 11 வருடம்

எங்கள் ஹாலில் ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் தவறாமல் கேட்பார்கள்: "இது கேம் ஆடுறதாச்சே, இதை எதுக்கு ஆம்ப்ல சொருகி வெச்சிருக்கே?"

சோனியின் முதல் பிளேஸ்டேஷன் அது. மாடல் எஸ்சிபிஎச்-1001, அமெரிக்காவில் 1995 செப்டம்பரில் 299 டாலருக்கு வந்தது. அங்கிருந்து ஊர் திரும்பிய மாமா பையனிடம் சல்லிசாக வாங்கினேன். முதல் நாளே அவசரப்பட்டு அந்த 120 வோல்ட் பெட்டியை நம் வீட்டு பிளக்கில் அப்படியே சொருகிவிட்டேன். பட்டென்று ஒரு சத்தம், ஃப்யூஸ் காலி. தப்பு முழுக்க என்னுடையதுதான். மெக்கானிக் சரிசெய்து கொடுத்தபின் ரிச்சி தெருவில் வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி மாட்டினேன். இதே மாடலைத் தேடுகிறவர்கள் டிரான்ஸ்ஃபார்மரை முதலில் வாங்கி வைத்துவிடுங்கள்.

இந்த மாடலின் முதுகில் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் பின் ஓட்டைகள் நேராகவே இருக்கும். பின்னால் வந்த மாடல்களில் அவற்றை எடுத்துவிட்டார்கள். ஒலிக்கான சிவப்பையும் வெள்ளையையும் ஆம்ப்பில் கொடுத்தால் நல்ல சிடி பிளேயர் தயார். லட்ச ரூபாய் பிளேயரைத் தோற்கடிக்கும் என்று ஆடியோ பைத்தியங்கள் சிலர் சத்தியம் செய்வார்கள். என் காதுக்கு அவ்வளவெல்லாம் தெரியவில்லை. ஆனால் வயலின் கச்சேரி சிடி போட்டால் வில் இழுபடுவது உறுத்தாமல் கேட்கிறது, எனக்கு அது போதும்.

பாட்டு நன்றாக வருவதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 1993 நவம்பரில் கேமுக்கென்று தனிக் கம்பெனி தொடங்கியபோது, சோனியோடு பங்கு போட்டது அதன் இசைத்தட்டுக் கம்பெனியான சோனி மியூசிக். அப்போது சோனியின் தலைவரான நோரியோ ஓகா பாரிட்டோன் என்கிற கனத்த ஆண் குரலுக்குப் பயிற்சி பெற்ற பாடகர். இந்தப் பெட்டி உருவாகக் காரணமான கென் குதராகி, அதற்கு முன் போட்டிக் கம்பெனியான நின்டெண்டோவின் சூப்பர் ஃபாமிகாம் கேம் பெட்டிக்கு ஒலிச் சிப் செய்து கொடுத்தவர். கேமை விற்றதும் ஆல்பம் விற்கிற கணக்கில்தான். கேமைச் சிப்பில் அடைத்து விற்கும் கார்ட்ரிட்ஜ் என்றால் முன்கூட்டியே மொத்தமாக ஆர்டர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். சிடி அப்படியில்லை. கொஞ்சமாக அச்சடித்து, ஓடினால் சட்டென்று மறுபடி அச்சடிக்கலாம்.

இந்த இசைக்காரப் புத்தி கேமுக்குள்ளும் தெரியும். 'பராப்பா தி ராப்பர்' 1996-இல் வந்தது. செய்தவர் மசாயா மட்சூரா, பாட்டுக் குழு நடத்தியவர். வெங்காயத் தலை வாத்தியார் ஒரு வரி சொல்ல, தாளம் தப்பாமல் பட்டனை அமுக்கி நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். மிருதங்க வகுப்பில் சொல்லுக்கட்டு ஒப்பிப்பது மாதிரி. ஒன்றே ஒன்று, இதைப் புது எல்இடி டிவியில் ஆடாதீர்கள். படம் ஒரு நொடித் துணுக்கு தாமதமாக வரும், தாளம் தொலைந்துவிடும். இதற்காகவே ஒரு டப்பா டிவியைப் பரணிலிருந்து இறக்கினேன். வீட்டில் வாங்கிய திட்டு தனிக் கதை.

எனக்குப் பிடித்தது 'ரிட்ஜ் ரேசர்' என்ற கார் பந்தய கேம். கேம் மொத்தமும் மெமரியில் ஏறிவிடும், அதன்பின் சிடி சுற்றுவது பாட்டுக்காக மட்டும். மூடியைத் திறந்து நம் பாட்டு சிடியைப் போட்டாலும் கார் ஓடும். நாதஸ்வரம் கேட்டுக்கொண்டே வளைவில் சறுக்கிப் பாருங்கள்!

குறை என்றால், பாட்டுக் கேட்கவும் டிவியைப் போட்டாக வேண்டும். திரையில் வரும் குறிக்குப் போய் அமுக்கினால்தான் பாடும். ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் மெமரி கார்டு 128 கேபி, 15 கட்டம்தான். இதில் எனக்குப் பிரச்சினை இல்லை, நான் ஆடுவதே அபூர்வம்.

இப்போது அதிகம் பயன்படுத்துவது அம்மா. செவ்வாய், வெள்ளி காலையில் பக்திப் பாட்டு சிடியைப் போட்டுவிட்டு, கன்ட்ரோலரைச் சாமி அலமாரிப் பக்கம் வைத்துவிடுவார். அவரைப் பொறுத்தவரை அது பாட்டு ரிமோட். போன மாதம் அதன் எக்ஸ் பட்டனுக்குக் குங்குமப் பொட்டு வைத்திருந்தார்.