சாட்ஜிபிடி: சேவை சரி, அதை நடத்துவோரின் சொல்?

சாட்ஜிபிடி பற்றிய மதிப்புரைகளில் பெரும்பாலானவை அதன் வேகத்தையும் பதில்களின் தரத்தையும் எடைபோடுவதோடு முடிந்துவிடுகின்றன. அந்த அளவில் எனக்கும் பெரிய குறையில்லை. நீண்ட அரசாணைகளைச் சுருக்கித் தருவதிலும் ஆங்கிலக் கடிதங்களைத் திருத்துவதிலும் நன்றாகவே உழைக்கிறது. இந்தியாவில் 2025 ஆகஸ்டில் மாதம் 399 ரூபாய்க்கு அறிமுகமான ‘கோ’ திட்டம், அதே ஆண்டு நவம்பர் முதல் ஓராண்டுக்கு இலவசமாகவும் கிடைத்தது. ஆனால் நோய், கடன், குடும்பத் தகராறு என்று நாம் வெளியில் சொல்லாததையெல்லாம் எழுதிவைக்கும் ஒரு சேவையில், அதை நடத்துவோரின் வாக்கு எவ்வளவு தாங்கும் என்பதையும் தரத்தின் ஒரு பகுதியாகவே கொள்ள வேண்டும்.

சாட்ஜிபிடியை நடத்தும் ஓபன்ஏஐ நிறுவனம் 2015 டிசம்பரில், லாபம் ஈட்ட வேண்டிய கட்டாயம் இல்லாமல் மனிதகுலத்துக்காக ஆய்வு செய்வோம் என்ற அறிவிப்புடன், லாப நோக்கற்ற அமைப்பாகத் தொடங்கியது. இத்தகைய சேவைகளுக்கு அடிப்படையான பெரிய செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைப் பயிற்றுவிக்க நன்கொடைப் பணம் போதாது என்பது தெரிந்ததும், 2019இல் முதலீட்டாளர்களின் லாபத்துக்கு வரம்பு வைத்த ஒரு துணை நிறுவனத்தை உருவாக்கி, மைக்ரோசாஃப்டிடம் 100 கோடி டாலர் பெற்றது. முதல் சுற்று முதலீட்டாளர்களுக்கு அந்த வரம்பு, போட்ட பணத்தைப் போல் நூறு மடங்கு! அதை வரம்பு என்று சொல்ல மிகுந்த நகைச்சுவை உணர்வு வேண்டும்.

உண்மையான சோதனை 2023 நவம்பர் 17 அன்று வந்தது. லாப நோக்கற்ற அமைப்பின் இயக்குநர் குழு, தன்னிடம் தொடர்ந்து ஒளிவுமறைவின்றிப் பேசவில்லை என்று கூறித் தலைமைச் செயல் அதிகாரி சாம் ஆல்ட்மேனை நீக்கியது. முதலீட்டாளர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்படாத அந்தக் குழுவுக்கு அதற்கான முழு அதிகாரமும் இருந்தது. ஆனால் மைக்ரோசாஃப்ட் அவருக்கு வேலை தர முன்வந்ததும், எழுநூறுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் தாங்களும் விலகுவோம் என்று கையெழுத்திட்டதும் சேர்ந்து, ஐந்தே நாட்களில் அவரைத் திரும்பக் கொண்டுவந்தன. குழுவில்தான் பெரும்பாலோர் வெளியேறினர். பின்னர் ஒரு சட்ட நிறுவனம் நடத்திய விசாரணை, நீக்கும் அளவுக்கு அவருடைய நடத்தை அமையவில்லை என்று முடிவு கூறியதையும் சொல்லியாக வேண்டும். ஆயினும் அவர் சரியா தவறா என்பதைவிட, ஏட்டில் இருந்த அதிகாரம் பணமும் ஊழியர்களும் எதிர்ப்பக்கம் நின்றபோது ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அதற்குப் பிந்தைய நிகழ்வுகளும் அதே திசையில்தான் சென்றன. மிக வலிமையான மாதிரிகளைக் கட்டுப்பாட்டில் வைக்கும் ஆய்வுக்குத் தன் கணினித் திறனில் 20 சதவீதம் ஒதுக்குவதாக 2023 ஜூலையில் நிறுவனம் அறிவித்தது. அந்தக் குழு 2024 மே மாதம் கலைந்தது. அதை வழிநடத்தியவர்களில் ஒருவரான யான் லைக்கே, பளபளக்கும் தயாரிப்புகளுக்குப் பின்னால் பாதுகாப்பு தள்ளப்பட்டுவிட்டது என்று விலகியபோது வெளிப்படையாக எழுதினார். விளம்பரத்தைக் கடைசி வழியாகவே கருதுவதாக 2024இல் சொன்ன ஆல்ட்மேனின் நிறுவனம், 2026 ஜனவரியில் அமெரிக்காவின் இலவச, ‘கோ’ பயனர்களிடம் விளம்பரங்களைச் சோதிக்கப்போவதாக அறிவித்தது.

இது ஒரு மனிதரின் குணக்கேடு என்று நான் நினைக்கவில்லை. ஓபன்ஏஐயிலிருந்து பிரிந்தவர்கள் பாதுகாப்பை முன்வைத்துத் தொடங்கிய ஆந்த்ரோபிக் என்ற போட்டி நிறுவனமும் அமேசான், கூகுள் பணத்தில்தான் வளர்ந்தது. அந்த நிறுவனமே, மறுப்புத் தெரிவிக்காத பயனர்களின் உரையாடல்களைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வோம் என்று 2025 ஆகஸ்டில் விதியை மாற்றியது. ஆயுதங்களுக்குச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்த மாட்டோம் என்ற உறுதிமொழியைக் கூகுள் 2025 பிப்ரவரியில் தன் கொள்கையிலிருந்து எடுத்துவிட்டது.

சீட்டுக் கட்டுபவர் நடத்துபவரின் முகத்தைப் பார்த்தல்ல, சீட்டு பதிவானதா என்று பார்த்தே பணம் கொடுக்க வேண்டும். ஓபன்ஏஐயிலும் ஓரளவு நிலைத்த வாக்கு, சட்டத்தின் பிடியில் இருந்ததுதான்: கலிஃபோர்னியா, டெலவேர் மாநிலத் தலைமை வழக்கறிஞர்களுடன் பேசிய பிறகே, லாப நோக்கற்ற அமைப்பின் கட்டுப்பாட்டை நீக்கும் எண்ணத்தைக் கைவிட்டு, அது தொடரும் என்று 2025 மே மாதம் நிறுவனம் இறங்கிவந்தது. அக்டோபரில் முடிந்த மறுசீரமைப்பில் அந்த அமைப்புக்குச் சுமார் 26 சதவீதப் பங்கும், மைக்ரோசாஃப்டுக்குச் சுமார் 27 சதவீதமும் கிடைத்தன.

ஆகவே வேலைக்கருவியாக இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். உரையாடல்களைப் பயிற்சிக்குப் பயன்படுத்தும் தெரிவை அமைப்புகளில் முதல் நாளே அணைத்துவிடுங்கள். மருத்துவ அறிக்கையையும் வங்கி விவரத்தையும் பதிவேற்றாதீர்கள். கட்டணம் செலுத்துவதானால் மாதாமாதம் செலுத்துங்கள், விதிகள் மாறும் மாதத்தில் நிறுத்திவிடலாம்.