44 டன் ஏசி, 100 கேவிஏ வரம்பு: பர்மிட் வேலைக்கு நான் பிடித்த ஆபீஸ்

எங்கள் கல்யாண மண்டபம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருக்கிறது. பொள்ளாச்சியிலிருந்து வருகிறவர்கள் மண்டபம் என்பார்கள், பாலக்காட்டிலிருந்து வருகிறவர்கள் ஆடிட்டோரியம் என்பார்கள். வாடகை இருவருக்கும் ஒன்றுதான். அப்பா கட்டியது. உயரமான கூரை, மேலே வரிசையாக ஜன்னல், 50 ஃபேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றே போதும் என்பது அவர் கட்சி. ஆடிக்குப் போதும்தான். ஆனால் முகூர்த்தம் வருவது பங்குனியிலும் சித்திரையிலும் அல்லவா? அப்போது இந்தப் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தொடும். மாப்பிள்ளை நெற்றிச் சந்தனம் தாலி கட்டுவதற்குள் மூக்குக்கு வந்துவிடும். ஏசி உண்டா என்று கேட்டுவிட்டு போனை வைக்கிறவர்கள் கூடிக்கொண்டே போனதால் கடைசியில் அப்பாவும் இறங்கி வந்தார்.

முதலில் ஒரு ஏசி கம்பெனியிடம் வேலையைக் கொடுத்தேன். பெயர் வேண்டாம். "ஏசிக்கெல்லாம் எதுக்குங்க பர்மிட்? மாட்டிட்டு ஸ்விட்சைப் போட வேண்டியதுதான்" என்றார்கள். அதில் பாதி நிஜம். ஏசி என்ற பொருளுக்கென்று தனியாக ஒரு பர்மிட் கிடையாது. ஆனால் அது கேட்கும் கரண்ட், அது உட்காரும் இடம், டக்ட் என்கிற காற்றுக் குழாய் துளைத்துக்கொண்டு போகும் சுவர் இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆபீஸ் உண்டு. அது எனக்குத் தெரிந்தபோது முன்பணம் போயிருந்தது, பாதி டக்ட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. வெளி யூனிட்டுக்குச் சிமெண்ட் மேடையை மண்டபத்தின் பக்கவாட்டில், காம்பவுண்டுக்கும் சுவருக்கும் நடுவில் விட்டிருந்த வழியில் கட்டிவிட்டார்கள். தீயணைப்பு வண்டி வர வேண்டிய வழி அது. உள்ளே வெளியேறும் வாசலுக்கு மேலிருந்த பச்சை விளக்கை டக்ட் அழகாக மறைத்திருந்தது.

அப்புறம்தான் பாலக்காடு டவுனில் இந்த ஆபீஸுக்குப் போனேன். மாடியில் இரண்டு அறை. ஒரு மேடம், ஒரு டிராயிங் பையன், ஒரு பழைய பிரிண்டர், அவ்வளவுதான். அவர்கள் ஏசி விற்பதில்லை, மாட்டுவதும் இல்லை. கணக்குப் போட்டு, வரைபடம் தயாரித்து, ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி அனுமதி வாங்கித் தருவதுதான் தொழில். நான் ஏசி கொட்டேஷனை நீட்டினேன். மேடம் அதைத் தொடவே இல்லை. "கரண்ட் பில் கொண்டு வந்தோ, சேட்டா?" என்றார். அந்தக் கேள்விக்கே பாதி ஃபீஸைக் கொடுத்துவிடலாம்.

மண்டபத்துக்கு டக்ட் வழியாகக் குளிர்காற்றை அனுப்பும் 11 டன் டக்டபிள் ஏசி நான்கு, ஆக 44 டன். இதைக் கேட்ட அப்பா, "ஏப்பா, 44 டன்னை மொட்டை மாடியில ஏத்துனா கட்டடம் தாங்குமா?" என்று பயந்துவிட்டார். மேடம் சிரிக்கவில்லை. இந்த டன் எடையல்ல, ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருக எவ்வளவு சூட்டை இழுக்குமோ அந்தக் கணக்கு என்று பொறுமையாகச் சொன்னார். ஒரு டன் என்றால் சுமார் மூன்றரை கிலோவாட் குளிர்ச்சி. கரண்ட் அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலேதான் இழுக்கும். அப்படிப் பார்த்தால் நான்கும் சேர்ந்து 54 கிலோவாட். ஏற்கனவே மண்டபத்தில் 38. மொத்தம் 92. பவர் ஃபேக்டர் (இழுக்கும் கரண்டில் உபயோகமாகும் பங்கு) 0.9 என்று வைத்து வகுத்தால், இணைப்பை அளக்கும் அலகான கேவிஏவில் 102.

கேரளத்தில் சாதாரண மூன்று ஃபேஸ் இணைப்பு 100 கேவிஏ வரைதான். அதைத் தாண்டினால் 11 ஆயிரம் வோல்ட் ஹெச்டி (உயர் அழுத்த) இணைப்பு வாங்க வேண்டும். சொந்த டிரான்ஸ்ஃபார்மர், அதற்கு வேலி போட்ட இடம், மின் ஆய்வுத் துறையின் அனுமதி என்று செலவு லட்சக்கணக்கில் போகும். இரண்டே இரண்டு கேவிஏவுக்காக!

மேடம் அன்று சாயந்திரமே பையனை அனுப்பி மண்டபத்தில் இருந்த ஒவ்வொரு பல்பையும் எண்ண வைத்தார். முற்றத்தில் 500 வாட் ஹாலஜன் 12. அவற்றை 100 வாட் எல்இடி ஆக்கினால் 4.8 கிலோவாட் மிச்சம். 50 ஃபேனையும் 75 வாட்டிலிருந்து கரண்ட் கம்மியாக இழுக்கும் 30 வாட் பிஎல்டிசி ஃபேனுக்கு மாற்றினால் இன்னொரு இரண்டேகால். 92 என்பது 85க்கு இறங்கியது, அதாவது 94 கேவிஏ. டிரான்ஸ்ஃபார்மர் தப்பித்தது. ஏசி போட வந்த இடத்தில் ஃபேன் வாங்கினேன் என்று மச்சான் இன்னும் கேலி செய்கிறான். செய்யட்டும்.

மச்சான் கோபாலபுரம் தாண்டி, தமிழ்நாட்டுப் பக்கம். அவன் மண்டபத்துக்கு ஏசி போட்டவன் என்பதால் தினம் ஒரு யோசனை சொல்வான். எல்லாம் அங்கே சரி, இங்கே உதவாது. கட்டட விதி வேறு, மின்சார வாரியம் வேறு. அவனுடைய வயரிங்காரர் நல்ல வேலைக்காரர். ஆனால் வேலை முடிந்த சான்றில் கேரள லைசன்ஸ் உள்ள ஒப்பந்தக்காரர் கையெழுத்துப் போட்டால்தான் இங்கே எடுத்துக்கொள்வார்கள். அந்த ஆளையும் இவர்களே பிடித்துத் தந்தார்கள்.

வெளி யூனிட்டுகள் மாடிக்குப் போயின. நான்கும் நிஜ எடையில் ஏறக்குறைய ஒரு டன். அதற்கு ஸ்ட்ரக்சுரல் எஞ்சினீயர் சான்று வாங்கினார்கள். மழைக்கு மேலே ஷீட் போடலாமா என்று கேட்டேன். கூடாது, கூரை போட்டால் அதற்கென்று தனியாக பர்மிட் வரிசையில் நிற்க வேண்டும், யூனிட் மழையில் நனையத்தான் செய்திருக்கிறார்கள் என்றார் மேடம். சமையலறைச் சுவரைத் தாண்டும் டக்ட்டில், தீ வந்தால் தானாக மூடிக்கொள்ளும் தகடு வைக்கச் சொன்னார். ஃபயர் டேம்பர் என்பார்கள். ஃபயர் அலாரம் அடித்தால் ஏசி தானாக நிற்க வேண்டும், இல்லாவிட்டால் புகையை அதுவே மண்டபம் முழுக்கப் பரப்பிவிடுமாம். தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016இல் இதெல்லாம் இருக்கிறது. பச்சை விளக்கு இப்போது தெரிகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்கு மலையாளம் பேச வரும், படிக்கத் திணறும். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி நம் பகுதித் தமிழர்கள் அரசு அலுவலகத்துக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் பெறலாம். இதை எனக்குச் சொன்னதே மலையாளியான இந்த மேடம்தான். ஆனாலும் டிராயிங்கோடு போகும் தாள்களை மலையாளத்தில் தயாரித்தார். கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று பையன் தமிழில் நாலு வரி எழுதி மேலே குத்திக் கொடுத்தான். பஞ்சாயத்துகளுக்கும் 2025 ஏப்ரலில் கே-ஸ்மார்ட் என்கிற விண்ணப்பத் தளம் வந்துவிட்டதே, ஆன்லைனில் நானே செய்துகொள்கிறேனே என்றும் கேட்டுப் பார்த்தேன். "செய்யாம் சேட்டா, பக்ஷே எது முதலில், எது பின்னே?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

குறைகளும் உண்டு. மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை போனை எடுக்கவே மாட்டார்கள். தீயணைப்பு வரைபடத்தில் வேறொரு ஆடிட்டோரியத்தின் பெயரை அப்படியே விட்டிருந்தார்கள். அது திரும்பி வந்ததில் 11 நாள் போயிற்று. ஆடியும் கர்க்கடகமும் ஒன்றாக வருவதால் இரண்டு பக்கத்துக்காரர்களுக்கும் கல்யாணம் இல்லாத மாதம் அது, அதனால் பிழைத்தேன். லோடு கூட்டினால் வைப்புத்தொகை கூடும், கல்யாணமே இல்லாத மாதத்திலும் ஃபிக்ஸட் சார்ஜ் வரும் என்பதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். பில் வந்த அன்று அப்பா என்னோடு பேசவில்லை.

ஃபீஸ் 35 ஆயிரம், மூன்று தவணை. மேலே இவருக்கு அவருக்கு என்று ஒரு ரூபாய் கேட்கவில்லை. வீட்டில் இரண்டு ஸ்பிளிட் மாட்டுகிறவர்கள் இவர்களைத் தேடிப் போக வேண்டாம். மண்டபம், ஜவுளிக்கடை, ஆஸ்பத்திரி என்றால் ஏசிக்காரருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் போங்கள், என்னைப் போல் பின்னால் போகாதீர்கள். ஐந்துக்கு நாலு நட்சத்திரம் தருகிறேன். ஜெனரேட்டர் வரைபடத்தின் காப்பி இன்னும் கைக்கு வரவில்லை. திங்கட்கிழமை மூன்று மணிக்கு மேல் கூப்பிட வேண்டும்.