வால்தம்ஸ்டோவிலிருந்து மத்திய லண்டனுக்கு: எந்தத் தடத்தின் காற்று?

வடகிழக்கு லண்டனின் வால்தம்ஸ்டோ சென்ட்ரல் நிலையத்தில் இரண்டு வகை ரயில்கள் புறப்படுகின்றன. நிலத்தடிக்கு இறங்கினால் விக்டோரியா தடம். மேலேயே நின்றால், 2024இல் வீவர் தடம் என்று பெயர் சூட்டப்பட்ட ஓவர்கிரவுண்ட் ரயில். டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு பக்கம் வேலைக்குச் செல்லும் எனக்கு இரண்டும் ஒத்துவரும். முன்னதில் ஆக்ஸ்ஃபோர்டு சர்க்கஸ் வரை நேராகச் சென்று நடந்துவிடலாம். பின்னதில் லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் எலிசபெத் தடத்துக்கு மாறி இரண்டாவது நிறுத்தத்தில் இறங்க வேண்டும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் ஒருவரும் இதே பாதையில் செல்வதால், நாங்கள் வீவர் தடத்துக்கு மாறிவிட்டோம். அந்தச் சாய்வு இந்த அலசலில் தெரியவே செய்யும்.

வேகத்தில் விக்டோரியாவுக்கே வெற்றி. நெரிசல் நேரத்தில் மணிக்கு 36 ரயில்கள் ஓடும் தடத்துடன், கால் மணிக்கு ஒன்று வரும் ரயிலை ஒப்பிடுவதில் பொருளில்லை. கட்டணம் எங்கள் முடிவைத் தொடவில்லை.

முடிவைத் தீர்மானித்தது சுரங்கத்துக்குள் கழியும் நேரம். 2020இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் வெளியிட்ட அளவீட்டின்படி, விக்டோரியா தடத்தில் பி.எம். 2.5 எனப்படும் நுண்துகளின் இடைநிலை அளவு ஒரு கனமீட்டருக்கு 361 மைக்ரோகிராம்; உச்சத்தில் அது 885 வரை எட்டியது. நகரின் பொதுவான வெளிக்காற்றில் சராசரி 19தான். ஆழம் குறைந்து, பெரும்பகுதி வெளியிலேயே ஓடும் டிஸ்ட்ரிக்ட் தடத்தின் இடைநிலை அளவோ வெறும் 4. ஆக்ஸ்ஃபோர்டு சர்க்கஸ் வரை ஏறத்தாழ 20 நிமிடம், போக வர 40 நிமிடம் என்று வைத்துக் கணக்கிட்டால், நாளின் மற்ற இருபத்து மூன்று மணி நேரத்துக்கும் மேலாக வெளிக்காற்றைச் சுவாசிப்பதால் சேரும் எடையில் பாதிக்கும் சற்று அதிகமாக அந்த 40 நிமிடத்திலேயே சேர்ந்துவிடுகிறது. இது நான் போட்ட தோராயக் கணக்கு. பெட்டிக்குப் பெட்டி, நாளுக்கு நாள் மாறும். சுரங்கத்தைச் சுத்தம் செய்தபின் குறையவும் கூடும்.

இந்தத் தடம் மட்டும் ஏன் இவ்வளவு மோசம் என்பதற்கு அதன் அமைப்பே விடை. 1968இல் திறக்கப்பட்ட விக்டோரியா தடம், பயணிகள் செல்லும் பகுதி முழுவதும் நிலத்தடியில்தான் ஓடுகிறது. நார்தர்ன், பிக்காடில்லி போன்ற ஆழமான தடங்கள்கூடப் புறநகர்ப் பகுதியில் வெளியே வந்து, கதவு திறக்கும்போதெல்லாம் பெட்டிக்குள் இருக்கும் காற்றை மாற்றிக்கொள்கின்றன. விக்டோரியாவுக்கு அந்த வாய்ப்பே இல்லை. சக்கரமும் தண்டவாளமும் உரசித் தேய்வதாலும் பிரேக் பிடிப்பதாலும் உதிரும் இரும்புத் தூளை, ஒவ்வொரு ரயிலும் முன்னால் உள்ள காற்றைத் தள்ளிக்கொண்டு போகும்போது மீண்டும் மீண்டும் கிளப்பிவிடுகிறது. மேற்சொன்ன ஆய்வில் சுரங்க ரயில் நுண்துகளின் எடையில் 47 விழுக்காடு இரும்பு ஆக்சைடாக இருந்தது. வீவர் தடமும் மின்சார ரயில்தான், அதிலும் இரும்பு தேய்கிறது. ஆனால் கிளாப்டனை ஒட்டிய குறுஞ்சுரங்கங்களைத் தவிரத் திறந்த வெளியில் ஓடுவதால், தூள் தேங்க இடமில்லை.

உடல்நலத்துக்கு இது எவ்வளவு கெடுதல் என்பதில் சான்றுகள் ஒரே திசையில் நிற்கவில்லை. 2005இல் வெளிவந்த ஸ்டாக்ஹோம் ஆய்வொன்றில், சோதனைக்கூடத்தில் வளர்த்த நுரையீரல் செல்களின் மரபணுவைச் சிதைப்பதில் சுரங்க ரயில் துகள்கள் தெருத் துகள்களைவிட ஏறத்தாழ எட்டு மடங்கு வீரியம் காட்டின. ஆனால் அதே நகரின் சுரங்க ரயில் ஓட்டுநர்களிடம் மாரடைப்பு கூடுதலாக இருக்கிறதா என்று தேடியபோது, அப்படி எதுவும் தென்படவில்லை. வெளிக்காற்றுக்கென்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த 24 மணி நேர வரம்பு 15 மைக்ரோகிராம். பிரிட்டனின் பணியிட வரம்பு, நுரையீரலின் ஆழம்வரை செல்லும் தூசுக்கு 4,000. பின்னதைக் காட்டி எல்லாம் கட்டுக்குள் இருப்பதாகச் சொல்வது எனக்கு உவப்பில்லை. அது வேலை செய்யும் வயதினரின் எட்டு மணி நேர வேலைக்கு வகுக்கப்பட்டதேயன்றி, குழந்தைகளையும் இழுப்பு நோயாளிகளையும் மனத்தில் வைத்து வகுக்கப்பட்டதன்று.

வழியை மாற்றியபின் மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் கறுப்பு தென்படுவது நின்றுவிட்டது. இதை நான் பெரிய சான்றாக எடுத்துக்கொள்ளவில்லை. மூக்கு பிடித்து நிறுத்துபவை பெரிய துகள்கள். கவலைக்குரியவை அதைக் கடந்து உள்ளே போகும் சிறியவை.

எங்கள் வழியில் ஐயம் எஞ்சுவது எலிசபெத் தடத்தின் சிறு பகுதியில்தான். 2022இல் திறக்கப்பட்ட அதன் மத்திய நிலையங்களில் நடைமேடையின் ஓரம் முழுவதும் கண்ணாடித் தடுப்புக் கதவுகள் இருப்பதால், காத்திருக்கும்போது சுரங்கக் காற்று நேராக முகத்தில் அடிப்பதில்லை. ஆயினும் சியோலில் இத்தகைய கதவுகளைப் பொருத்தியபின் நடைமேடைக் காற்று தெளிந்தாலும், தூசு சுரங்கத்துக்குள் அடைபட்டு ரயில் பெட்டிக்குள் அதிகரித்ததாக ஆய்வு உண்டு. எலிசபெத் சுரங்கம் பழையவற்றைவிட அகலமானது, புதியது, நாங்கள் அதில் இருப்பதும் சில நிமிடங்களே. எனினும் பத்தாண்டு கழித்தும் இப்படியே இருக்கும் என்று உறுதி கூற மாட்டேன்.

பேருந்தையும் எண்ணிப் பார்த்தோம். இரும்புத் தூள் இருக்காது. மாறாக வாகனப் புகையின் நடுவே நெடுநேரம் ஊர்ந்து செல்ல வேண்டியிருக்கும், அதனால் விலக்கிவிட்டோம்.

வாரத்தில் ஓரிரு முறை மட்டும் செல்வோரும், நுரையீரலோ இதயமோ குறித்த தொல்லை இல்லாதோரும் விக்டோரியாவைத் தவிர்க்கக் காரணம் வலுவாக இல்லை. மிச்சமாகும் நேரத்துக்கும் மதிப்புண்டு. வீவர் ரயில் ரத்தாகும் நாட்களில் நாங்களும் அதில்தான் செல்கிறோம், எஃப்.எஃப்.பி.2 முகக்கவசத்துடன். முகத்தோடு இறுகப் பொருந்தும் அந்தக் கவசத்தின் வடிகட்டி குறைந்தது 94 விழுக்காடு துகள்களைத் தடுக்க வேண்டும் என்பது தர விதி. ஓரத்தில் இடைவெளி விடும் சாதாரண அறுவை சிகிச்சைக் கவசத்தை இதற்கு நம்ப முடியாது.