வால்டோவும் பிரான்சிஸும்: ஒருவர் புறம்பானவர், ஒருவர் புனிதர்

இருவரும் பணக்கார வீட்டார். இன்றைய பிரான்சின் லியோன் நகர வணிகர் வால்டோ 1170களில் சொத்தைத் துறந்தார். இத்தாலியின் அசிசி நகரத் துணி வியாபாரியின் மகன் பிரான்சிஸ் ஒரு தலைமுறை கழித்து அதையே செய்தார். திருச்சபையின் செல்வச் செழிப்பும் இயேசுவின் ஏழ்மையும் ஒட்டவில்லை என்ற உறுத்தல்தான் இருவரையும் கிளப்பியது.

பிரிந்த இடம் பிரசங்கம். வால்டோ வேதாகமப் பகுதிகளை மக்கள் மொழியில் பெயர்க்கச் செய்து, குருப்பட்டம் இல்லாமலே போதித்தார். 1179இல் ரோமில் திருச்சபைத் தலைமையினர் அவரது ஏழ்மையை மெச்சினார்கள். ஆனால் உள்ளூர்க் குருக்கள் அனுமதித்தால் மட்டுமே போதிக்கலாம் என்றார்கள். அவர் கேட்கவில்லை. 1184இல் வெரோனாவில் சபைநீக்கம்.

பிரான்சிஸ் 1209இல் நேரே திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்டிடம் போய் அனுமதி வாங்கினார். 1228இல் புனிதர் பட்டம்!

பிரான்சிஸின் பணிவு மட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. வால்டோவை வெளியே தள்ளியதன் விலையை அதற்குள் ரோம் பார்த்திருந்தது. வால்டோவின் வழியினர் ஆல்ப்ஸ் பள்ளத்தாக்குகளில் தாக்குப்பிடித்து, 1532இல் புராட்டஸ்டன்ட் சீர்திருத்த அணியோடு சேர்ந்தார்கள். 2015இல் டூரினில் அவர்களிடம் மன்னிப்புக் கேட்ட திருத்தந்தையின் பெயர், பிரான்சிஸ்.