அலுமினியப் படகு திருத்தக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

காசல்ரீ நீர்த்தேக்கத்தில் திலாப்பியா பிடிக்க அப்பா வைத்திருந்தது பன்னிரண்டடி அலுமினியப் படகு. தகடுகளை ரிவெட் அடித்துச் சேர்த்த பழைய வகை. அவருக்கு முழங்கால் வலி வந்த பிறகு ஏழு வருடமாக லயத்துக்குப் பின்னால் கவிழ்ந்தே கிடந்தது. "நான் ஓட்டுறேன்பா" என்று தம்பி சொன்ன அன்றைக்கே, அப்பா பழைய வலையை எடுத்துப் பிரித்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

சிவனொளிபாதமலை சீசன் தொடங்கிய நேரம், டவுனில் ஒரு வெல்டிங் கடையில் கொடுத்தோம். 95,000 ரூபா பேசி, 60,000 முன்பணம். இரண்டு வாரம் என்றார் பாஸ். சீசன் முடியப் போகிற நேரத்தில்தான் படகு கைக்கு வந்தது. மீதிக் காசையும் கொடுத்தோம். பில் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. நீலப் பெயின்ட் பளபளவென்று இருந்தது.

"உள்ளே தண்ணி ஊத்திப் பாத்தீங்களா பாஸ்?" என்று அப்பா கேட்டார்.

"அதெல்லாம் பாத்தாச்சு ஐயா, பயப்படாம இறக்குங்க."

முதல் நாள், கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதுமே தம்பியின் கால் நனைந்தது. நல்லவேளை, லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தான். ஒரு கையால் துடுப்பும் மறு கையால் வாளியுமாகத் திரும்பி வந்து சேர்ந்தான். கரையில் நின்ற அப்பாவுக்குக் கை நடுங்கியது. காசு போனதைவிட அதுதான் என்னால் பொறுக்க முடியாதது.

வீட்டுக்குக் கொண்டுவந்து பெயின்டைச் சுரண்டினோம். அடிப்பக்க வெடிப்பை, இரும்புக்குப் பிடிக்கிற சாதாரண கம்பி வெல்டிங்கால் ஒட்டப் பார்த்திருக்கிறார்கள். அலுமினியம் 660 பாகை செல்சியஸில் உருகிவிடும். அதன் மேலிருக்கும் ஒக்சைட் படலம் உருகவோ 2,000 பாகைக்கு மேல் வேண்டும். அந்தப் படலத்தை நன்றாகத் தேய்த்து எடுத்துவிட்டு, ஆர்கன் வாயு வைத்துத்தான் பற்றவைக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலே ஒட்டுவதற்குள் கீழே உருகி ஓட்டை விழும். எங்கள் படகில் விழுந்திருந்தது. வாகன நெளிவுகளுக்குப் பூசும் பட்டியை அதில் திணித்து, மேலே நீலம் அடித்துவிட்டார்கள்.

தளர்ந்த ரிவெட்டுகளைக் கழற்றிய இடங்களில் நடுவே துளையுள்ள பொப் ரிவெட். பெயர்ப்பலகைக்கு அது சரி. தண்ணீருக்குக் கீழே போனால் அந்தத் துளை வழியாகவே கசியும். அங்கே முழு ரிவெட்தான் வேண்டும். ஒருவர் வெளியிலிருந்து அடிக்க, இன்னொருவர் உள்ளே இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்க வேண்டும். இரண்டு பேர் வேலை, நேரமும் போகும்.

எல்லாவற்றையும்விட மோசம் மோட்டர் மாட்டும் பின்பலகை. உக்கிப்போன பழைய ப்ளைவுட்டை மாற்றவே இல்லை. அதன் மேல் தகட்டை மூடி, இரும்பு போல்ட் போட்டு முடுக்கியிருந்தார்கள். ஈரத்தில் இரும்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால் அரிபடுவது அலுமினியம்தான். போல்ட்டுகளைச் சுற்றி அதற்குள் வெள்ளைத் தூள் பூத்திருந்தது. துருப்பிடிக்காத எஃகு போல்ட் போட்டாலும் இடையில் ரப்பர் அல்லது நைலோன் வாஷர் வைக்க வேண்டும். செம்பு கலந்த அடிப்பெயின்டும் அலுமினியத்துக்கு ஆகாது. அன்றைக்கு மோட்டர் மாட்டியிருந்தால் பலகை பிய்ந்து அது தண்ணீருக்குள் போயிருக்கும்.

கடைக்குப் போய்க் கேட்டோம். "தண்ணியில இறக்குன பிறகு நான் பொறுப்பில்ல" என்றார். பில் இல்லாததால் எங்களால் அழுத்திப் பேச முடியவில்லை. கேட்டால் பற்றுச்சீட்டு கொடுத்தே ஆக வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டத்தில் இருக்கிறது. தயவுசெய்து முன்பணம் கொடுக்கும்போதே கேட்டு வாங்குங்கள். என்னென்ன வேலை என்பதையும் அதில் எழுதச் சொல்லுங்கள். நுகர்வோர் அதிகார சபையின் இலக்கம் 1977. நாங்களும் முறைப்பாடு எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்று, பெயின்ட் அடிக்க முன்னர் நீங்களே போய்ப் பாருங்கள். படகை இரண்டு மரக்கட்டைகள் மேல் தூக்கி வைத்து, உள்ளே நாலு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் போதும், கசியும் ரிவெட் எல்லாம் வெளியே துளி விட்டுக் காட்டும். துளி விழும் இடத்தையெல்லாம் அடையாளம் வையுங்கள். அதைச் செய்ய விடாத கடையில் படகை விடாதீர்கள்.

நேற்று நாங்கள் அப்படிப் பார்த்தோம். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்தபடியே சோக்கால் வட்டம் போட்டார். இருபத்தேழு வட்டம்.